சொடக்கு விழும் கட்டை விரல்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டு கட்டை விரலை மேலும் கீழும் ஆட்டினார். ‘சடக்... சடக்...’ எதிர் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“கேட்டுச்சா தம்பி? ரொம்ப வருசமா இப்படித்தான். வலின்னு பெருசா ஒண்ணும் இல்ல. போன வாரம் ஒருத்தன் சொல்லிட்டான், ‘எலும்பு தேயுற சத்தம்ணே அது, இன்னும் கொஞ்ச நாள்ல நடக்கவே முடியாது’ன்னு. அதுலருந்து படுத்தாலும் விரலை ஆட்டிக்கிட்டேதான் கெடக்கேன்.”

அண்ணன் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் கபடிக் களங்களில் பேர்போன ரெய்டர். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார் என்பார்கள். இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். நான் பிசியோதெரபி பார்க்கிறவன் என்பதால் டீக்கடையில் காலை நீட்டி யோசனை கேட்பவர்கள் எனக்குப் புதிதில்லை. கபடி, வாலிபால், ஃபுட்பால் என்று எதையாவது ஆடி, விரலில் அடிபட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு, பல வருடம் கழித்து அது சத்தம் போடுகிறதே என்று பயப்படுகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே அன்று பேசியதை எழுதுகிறேன்.

“சத்தம் கெடக்கட்டும்ணே. அடி எப்படிப் பட்டுச்சு, அதைச் சொல்லுங்க” என்றேன்.

அடி பட்ட விதம்

பொங்கலுக்கு நடந்த மின்னொளிக் கபடி. அண்ணன் பாடிப் போய் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். பின்னாலிருந்து ஒருவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். நடுக்கோடு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வலது காலின் முன்பாதத்தை மண்ணில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, உடம்பை முன்னால் நீட்டுகிறார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் அந்தக் காலின் மேலேயே விழுகிறார்கள். விரல்கள் மண்ணில் புதைந்தபடி நிற்க, குதிகால் மேலிருந்து அமுக்கப்பட, கட்டை விரல் தாங்கும் அளவைத் தாண்டி மேல்நோக்கி வளைந்துவிட்டது. மறுநாள் செருப்புக்குள் கால் நுழையவில்லை. எண்ணெய் போட்டு நீவி, துணியைச் சுற்றி, பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த ஊர்ப் போட்டிக்குப் போய்விட்டார்.

இந்த அடிக்கு விளையாட்டு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: டர்ஃப் டோ, அதாவது புல்தரை விரல். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவர்ஸ், மார்ட்டின் என்ற இருவர் 1976-ல் வைத்த பெயர். அந்த நாட்டில் 1966-ல் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கில் செயற்கைப் புல்தரை போட்டார்கள். பிறகு அது பல மைதானங்களுக்குப் பரவியது. இயற்கைப் புல்லில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். செயற்கைத் தரை ஷூவைப் பிடித்துக்கொண்டு விடாது. அதோடு, வேகமாக ஓடுவதற்காக ஆட்டக்காரர்கள் அடிப்பகுதி எளிதில் வளையும் ஷூக்களையும் போட ஆரம்பித்தார்கள். முன்பாதம் தரையில் பூட்டிக்கொள்ள, குதிகால் தூக்கியிருக்க, பின்னாலிருந்து ஒருவர் பாரம் போட, கட்டை விரல் மூட்டு கிழிந்தது.

இதைச் சின்ன அடி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கால்பந்தின் பெரிய நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸ் 2021 ஜனவரியில் இதே அடியை வாங்கி, அதோடு சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை ஆடித் தோற்று, சில நாட்களிலேயே அறுவை சிகிச்சைக்குப் போனார். பிட்ஸ்பர்க் அணியின் ஜேக் லாம்பர்ட்டின் ஆட்ட வாழ்க்கை 1984-ல் முடிந்துபோனதற்கும் கால் விரல்தான் காரணம். அங்கே செயற்கைப் புல்தரை என்றால் இங்கே கபடி மேட். 2014-ல் புரோ கபடி லீக் வந்தபின் மேட்டும் ஷூவும் கிராமத்துப் பிள்ளைகள் வரை வந்துவிட்டன. மேட்டில் ஷூ நன்றாகப் பிடிக்கும். கணுக்காலைப் பிடித்து மேலே விழுவது கபடியின் இயல்பு. அடிபடுவதற்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது.

“அப்ப எனக்கு வந்தது வெள்ளைக்காரன் வியாதியா?” என்றார் அண்ணன்.

“பேரு மட்டும்தாண்ணே அவங்களோடது.”

விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது

கட்டை விரலின் அடி மூட்டு, அதாவது விரல் பாதத்தோடு சேரும் இடம், மேலிருந்து பார்த்தால் சாதாரண மூட்டுதான். அதன் வேலையெல்லாம் அடிப்பக்கம் இருக்கிறது. அங்கே எலும்புக்குக் கீழே ஒரு கெட்டியான ஜவ்வுத் தகடு உண்டு. விரல் அளவுக்கு மேல் வளையாமல் தடுப்பது அதுதான். அந்தத் தகடோடு ஒட்டினாற்போல, தசைநாணுக்குள் பதிந்தபடி, பட்டாணி அளவில் இரண்டு குட்டி எலும்புகள் இருக்கின்றன. பாதத்தில் 26 எலும்புகள் என்று பாடப் புத்தகம் சொல்லும். இந்த இரண்டும் அந்தக் கணக்கில் சேராதவை. முழங்காலில் இருக்கும் சிப்பி எலும்பும் இதே இனம்.

இந்தக் குட்டி எலும்புகளின் வேலை கிணற்றுச் சகடையின் வேலை. கயிற்றைச் சகடைமேல் போட்டு இழுத்தால் பாரம் லேசாகிறது இல்லையா, அதேபோல விரலைக் கீழே அமுக்கும் தசையின் இழுவைக்கு இவை பலம் சேர்க்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற இன்னொரு நீளமான தசைநாண், கெண்டைக்கால் பக்கத்திலிருந்து கிளம்பி, கணுக்காலின் உள்புறமாக வளைந்து, பாதத்தின் அடியில் ஓடி, கட்டை விரலின் நுனி எலும்பில் போய்ச் சேருகிறது. ஒரு அடி எடுத்து வைத்து, குதிகாலைத் தூக்கி, உடம்பை முன்னுக்குத் தள்ளும் அந்தக் கணத்தில் இவை எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். சாதாரணமாக நடக்கும்போதே நம் எடையில் ஏறக்குறைய பாதி இந்த மூட்டின் வழியாகப் போகும். ஓடித் தாவும்போது உடல் எடையைப்போல எட்டு மடங்கு வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அடிபட்டால் இந்த ஜவ்வுத் தகடு மூன்று நிலைகளில் பாதிக்கப்படலாம். இழுபடுவது முதல் நிலை. பாதி கிழிவது இரண்டாவது. முழுக்கக் கிழிந்து குட்டி எலும்புகள் இடம் மாறிப் பின்னுக்குப் போவது மூன்றாவது. முதல் நிலை ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். இரண்டாவதற்குச் சில வாரமாவது ஓய்வு வேண்டும். மூன்றாவதற்குச் சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், திரும்பக் களத்துக்கு வரப் பல மாதம் ஆகும். செருப்பே நுழையாத வீக்கம் என்பதை வைத்துப் பார்த்தால் அண்ணனுக்கு வந்தது இரண்டாம் நிலையாக இருந்திருக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஓய்வை அவர் கொடுக்கவில்லை.

ஜவ்வு ஆறும். ஆனால் தழும்பு விட்டு ஆறும். தழும்புள்ள ஜவ்வு சில இடத்தில் தடித்திருக்கும், சில இடத்தில் தொய்ந்திருக்கும். அதனால் விரல் எலும்பும் குட்டி எலும்புகளும் தங்கள் பழைய தடத்திலிருந்து ஒரு நூல் விலகி ஓட ஆரம்பிக்கின்றன. சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

எந்தச் சத்தம்?

“அப்ப எலும்பு தேயலையா?”

“அதுக்குத்தாண்ணே வர்றேன். டீயைக் குடிங்க, ஆறிடும்.”

மூட்டில் வரும் சத்தம் ஒரே வகையல்ல. மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் வகை, நாம் விரலை மடக்கி நெட்டி முறிக்கும்போது வருவது. குழந்தையின் முகத்தைத் தடவித் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்துத் திருஷ்டி கழிக்கும் பாட்டிக்கு, எத்தனை நெட்டி விழுகிறதோ அத்தனை சந்தோஷம். அந்தச் சத்தம் எலும்போடு எலும்பு உரசுவதால் வருவது இல்லை. மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக்குமிழ் உண்டாகிறது. 1947-லேயே லண்டன் மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்து இதைப் பார்த்தார்கள். 1971-ல் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், குமிழ் உடைவதால்தான் சத்தம் என்றார்கள். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், ஒருவரின் விரலை ஒரு குழாயில் மாட்டி இழுத்து, அப்படியே எம்ஆர்ஐ படம் பிடித்து, குமிழ் உண்டாகும்போதே சத்தம் வருகிறது என்றார்கள். 2018-ல் சந்திரன் சுஜா, பரகத் என்ற இருவர் கணிதக் கணக்குப் போட்டு, குமிழ் பாதி உடைந்தாலே அவ்வளவு சத்தம் வரும் என்றார்கள். உண்டாகும்போதா, உடையும்போதா என்ற வழக்கு அவர்களுக்குள் நடக்கட்டும். காரணம் வாயு என்பதில் தகராறு இல்லை.

இதனால் வாதம் வருமா? கலிஃபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்ற மருத்துவர் தன் உடம்பிலேயே சோதித்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் இடது கை விரல்களில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது நெட்டி எடுத்தார். வலது கையைச் சும்மா விட்டார். கடைசியில் இரண்டு கையிலும் மூட்டு வாதம் இல்லை என்று 1998-ல் மருத்துவ இதழில் எழுதினார். 2009-ல் இதற்காக அவருக்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. ஒருவர் கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் பிறகு பலரை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் நெட்டி எடுப்பதற்கும் வாதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

இந்த வகையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முறை நெட்டி விழுந்தால் அதே மூட்டில் மறுபடி விழ ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். வாயு திரும்பக் கரைய அவ்வளவு நேரம் வேண்டும். உடனே ஆட்டினால் சத்தம் வராது.

“எனக்கு எத்தனை தடவை ஆட்டினாலும் வருதே” என்று அண்ணன் மறுபடி ஆட்டிக் காட்டினார். சடக், சடக், சடக். ஆக, அவருடையது வாயு இல்லை.

இரண்டாம் வகை, தசைநாணோ தழும்போ ஒரு மேட்டைத் தாண்டிக் குதிப்பதால் வருவது. விரல் வளையும் ஒவ்வொரு முறையும், ஏறக்குறைய ஒரே கோணத்தில், ஒரே சத்தம். தொட்டால் கைக்கே தெரியும். பாலே நடனக்காரர்களுக்கு விரல் நுனியில் நின்று நின்று, கட்டை விரலை மடக்கும் அந்த நீளமான தசைநாண் கணுக்காலுக்குப் பின்னால் தடித்துப்போய், விரல் மடங்கும்போது சிக்கிச் சடக்கென்று விடுபடுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சத்தம் விரலில், கோளாறு கணுக்காலில். அதனால் விரலைப் பார்க்கும்போது கணுக்காலின் உள்பக்கத்தையும் அமுக்கிப் பார்ப்போம்.

மூன்றாம் வகைக்குச் ‘சடக்’ இல்லை, ‘நறநற’. மூட்டின் உள்ளே வழுவழுப்பாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு சொரசொரத்துப்போனால் வருவது. விரலை வளைக்கும்போது மணல் அரைபடுவது கைக்குத் தெரியும். இதுதான் தேய்மானம். இதோடு வலியும், விரல் முழுதாக வளையாமல் இறுகிப்போவதும் சேர்ந்தே வரும். அடிபட்ட அன்றே குருத்தெலும்பில் விழுந்த அடி, பல வருடம் கழித்து இப்படித் தலைகாட்டலாம்.

நான் அண்ணனின் பாதத்தை என் மடிமேல் வைத்து, ஒரு விரலை மூட்டின் மேல்புறம், இன்னொன்றை அடிப்புறம் வைத்துக்கொண்டு மெதுவாக வளைத்தேன். மேல்புறம் அமைதி. அடிப்புறத்தில், உள்பக்கக் குட்டி எலும்பு இருக்கும் இடத்தில், ஒரு நார் நழுவி ஏறி இறங்குவது தெரிந்தது. நறநறப்பு இல்லை. அமுக்கினால் லேசாகக் கூசியது, வலிக்கவில்லை. இரண்டாம் வகைதான்.

கட்டை விரலை விட்டுவிட்டு மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவில் சத்தம் வருகிறவர்களும் உண்டு. முன்பாதத்தை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் ‘க்ளக்’ என்று வந்து, கூடவே விரல்களுக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலித்தால், அங்கே ஓடும் நரம்பு தடித்திருக்கலாம். 1951-ல் முல்டர் என்ற டச்சு மருத்துவர் எழுதிவைத்த அடையாளம் இது. அதற்கான வைத்தியம் வேறு.

காதை விடுங்கள், கோணத்தைப் பாருங்கள்

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றியா?”

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தினேன். சத்தத்தைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை. ஆனால் அடிபட்ட மூட்டில் நாம் கவனிக்க வேண்டியது சத்தத்தையே அல்ல. விரல் எவ்வளவு மேலே வளைகிறது என்பதைத்தான்.

நல்ல கட்டை விரல் 65-லிருந்து 75 பாகை வரை மேல்நோக்கி வளையும். நடக்கும்போது குதிகால் தூக்கினால் அந்த வளைவில் பெரும்பகுதி தேவைப்படுகிறது. அண்ணனின் இடது விரல் தாராளமாக வளைந்தது. வலது விரல் கண்ணளவில் அதில் முக்கால் பங்குதான் வந்தது. அதற்கு மேல் தள்ளினால் மேல்புறம் முட்டியது. ஆக, சத்தம் அடிப்புறத்தில் இருக்க, கவனிக்க வேண்டிய சமாசாரம் மேல்புறத்தில் ஓசையில்லாமல் ஆரம்பித்திருக்கிறது.

அவருடைய ரப்பர் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பில் கட்டை விரல் அமுங்கும் பள்ளம் நன்றாக விழுந்திருந்தது. வலது செருப்பில் அந்தப் பள்ளம் மங்கல். வெளிப்பக்க ஓரம்தான் தேய்ந்திருந்தது. கட்டை விரலை வளைக்காமல் தப்பிக்க, அவர் தன்னை அறியாமல் பாதத்தின் வெளி ஓரமாக உருட்டி நடக்கிறார். இப்படியே நடந்தால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று பாரம் மாறிக்கொண்டே போகும். “ஆமா தம்பி, முழங்கால் வெளிப்பக்கம் சாயந்தரமானா கடுக்குது” என்றார், நான் கேட்காமலே.

வீட்டிலேயே சோதிக்க வேண்டுமானால் நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, முன்பாதம் எழும்பாமல் கையால் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். நல்ல கால்தான் உங்கள் அளவுகோல். அன்றாட வேலைகளே சொல்லிவிடும்: குதிகாலைத் தூக்கிக் குத்தவைத்து உட்கார முடிகிறதா, ஏணி ஏற முடிகிறதா, தொழுகையில் வலது பாதத்தை நிமிர்த்தி விரல்களை மடித்து உட்கார முடிகிறதா. முன்பு முடிந்து இப்போது தயங்கினால் விரல் இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இறுக்கம் முற்றினால் மூட்டின் மேல்புறம் எலும்பு சிறு மேடாக வளரும். ஷூ அதில் உரசும். வளைவு குறைந்து குறைந்து கடைசியில் நின்றேவிடும். பாதத்தில் வரும் மூட்டுத் தேய்மானத்தில் இதுதான் அதிகம். கூடைப்பந்தின் மலை மாதிரி மனிதர் ஷாகில் ஓநீலுக்கும் கட்டை விரல் மூட்டில்தான் தொல்லை. 2002 செப்டம்பரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மேடு மட்டும் இருந்தால் அதைச் செதுக்கிவிடுவார்கள். மூட்டே போய்விட்டால் இரண்டு எலும்பையும் சேர்த்து ஒட்டவைத்துவிடுவார்கள். விரல் வளையாது, ஆனால் வலி போய்விடும், நடக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போகத் தேவையே வராது.

செய்ய வேண்டியது, கூடாதது

அண்ணனுக்கு நான் சொன்னவை இவை. நடக்க, நிற்க, அடிப்பாகம் எளிதில் மடங்காத செருப்போ ஷூவோ போடுங்கள். வாங்கும்போது முனையைப் பிடித்து மடக்கிப் பாருங்கள். பேப்பராக மடங்கினால் வேண்டாம். முன்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது, விரல் செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சத்தை அது செய்துவிடும். முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும்.

காலையில் வெந்நீரில் கால் வைத்து எடுத்தபின், விரலின் அடி எலும்பைப் பிடித்து மெதுவாக முன்னால் இழுத்தபடியே மேலே வளைக்கலாம். வலிக்கும் முன் நிறுத்த வேண்டும். தரையில் துண்டை விரித்து விரல்களாலேயே சுருட்டி இழுப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, கெண்டைக்காலை நீட்டி விடுவது, இந்த மூன்றும் தினமும் சில நிமிடம் போதும். கெண்டைக்கால் இறுகியிருந்தால் முன்பாதத்துக்குப் பாரம் கூடும் என்பதால்தான் கடைசிப் பயிற்சி.

சத்தம் வருகிறதா என்று ஆட்டி ஆட்டிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். தழும்பான நாரை நாளுக்கு நூறு முறை மேட்டில் ஏற்றி இறக்கினால் அது வீங்கும். இல்லாத வலியை வரவழைத்துக்கொள்வதற்கு அதுவே போதும். அதேபோல், ‘ஒரே இழுப்பில் சத்தத்தை எடுத்துவிடுகிறேன்’ என்று யாராவது விரலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வந்தால் காலை மடக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தொய்ந்த ஜவ்வு அது.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? சத்தத்தோடு வலி வந்தால். மூட்டு வீங்கினால். விரல் நடுவழியில் சிக்கி நின்றால், உள்ளே ஒரு எலும்புத் துணுக்கு உடைந்து திரியலாம். வளைவு மாதத்துக்கு மாதம் குறைந்தால். எக்ஸ்ரே எடுத்தால் நின்றபடி, இரண்டு பாதத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் குட்டி எலும்புகள் இடம் மாறியிருப்பது தெரியும். சிலருக்கு ஒரு குட்டி எலும்பே பிறவியிலேயே இரண்டு துண்டாக இருக்கும். படத்தில் அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஓரம் வழவழப்பாக இருந்தால் பிறவி, கூர்மையாக இருந்தால் முறிவு என்று டாக்டர் பிரித்துச் சொல்வார். ஒரே ராத்திரியில் கட்டை விரல் சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி வந்தால் அது பழைய அடி இல்லை, யூரிக் ஆசிடாக இருக்கலாம். அடிபட்ட மூட்டைத் தேடி வந்து உட்காரும் குணம் அதற்கு உண்டு.

“சுகர் இருக்காண்ணே?” என்று கேட்டேன்.

“போன வருசம் பார்த்தப்ப பார்டர்ல இருக்குன்னாங்க.”

இதைக் கேட்டே ஆக வேண்டும். வலி இல்லையென்றால் பயமில்லை என்ற கணக்கில் மேலே சொன்னதெல்லாம் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருப்பவர்களுக்கு. பல வருடம் சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்த விதி செல்லாது. எலும்பே நொறுங்கினாலும் அவர்களுக்கு வலிக்காது. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். சத்தம் கேட்டுத் தொட்டுப் பார்த்ததில் சூடு தெரிந்தது என்றால் அந்தக் காலில் பாரம் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, இன்று மேட்டில் பாடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு. கட்டை விரல் மேல்நோக்கி வளைந்து அடிபட்டால் முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலை உயரமாக வைத்து, விரல் வளையாதபடி டேப் ஒட்டி ஓய்வு எடுங்கள். சூடான எண்ணெய் போட்டு அழுத்தி நீவ வேண்டாம். வீக்கம் இறங்காமலோ கால் ஊன்ற முடியாமலோ இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். திரும்பக் களம் இறங்கும் நாளை அடுத்த போட்டியின் நோட்டீஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரல் வலியில்லாமல் நல்ல காலின் அளவுக்கு வளைகிறதா, அந்த ஒற்றைக் காலில் முன்பாதத்தில் நின்று குதிக்க முடிகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். கோப்பை அடுத்த பொங்கலுக்கும் வரும்.